பல்செட்டில் ஒட்டிய பூஞ்சையும் பாட்டிலில் வரும் நானோ வெள்ளியும்

நீங்கள் எழுதியதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்கிறேன். உங்கள் அம்மாவுக்கு 68 வயது. மேல் பல்செட் போட்டு ஏழெட்டு வருடம் ஆகிறது. செட்டுக்கு அடியில் அண்ணம் சிவந்து எரிகிறது. பல் டாக்டர் பூஞ்சை என்று சொல்லி மருந்து கொடுக்கிறார், இரண்டு வாரத்தில் அடங்குகிறது, அடுத்த மாதமே திரும்ப வந்து நிற்கிறது. இதற்கிடையில் உறவினர் ஒருவர் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) என்று லேபிள் ஒட்டிய நானோ வெள்ளி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்து, காலையும் மாலையும் கொப்பளித்துவிட்டு ஒரு மடக்கு விழுங்கவும் சொல்லியிருக்கிறார். நீங்கள் தேடிப்பிடித்து நாலைந்து ஆய்வுச் சுருக்கங்களையும் படித்துவிட்டு, "உலோக நானோதுகள் பூஞ்சைப் படலத்தை உண்மையிலேயே அழிக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆய்வகத்தில் அழிக்கும். ஆனால் நீங்கள் கேட்க வந்தது அதுவல்ல என்று நினைக்கிறேன். இந்த பாட்டில், அம்மாவின் வாயில், அந்த வேலையைச் செய்யுமா என்பதுதான் கேள்வி. செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், விழுங்க வேண்டவே வேண்டாம். முதல் பதில் "ஆம்" என்றும் இரண்டாவது "இல்லை" என்றும் எப்படி ஆகிறது என்பதைத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப்போகிறேன்.

நான் மருத்துவ நுண்ணுயிரியல் படித்தவள். பூஞ்சை ஆய்வகத்தில் பதினைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன், அதில் நான்கு வருடம் இதே வெள்ளித் துகள்களோடுதான் மல்லுக்கட்டினேன். பல் மருத்துவர் இல்லை. ஆகவே கடைசியில் செட்டைப் பராமரிப்பது பற்றி நான் சொல்வதை உங்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அம்மாவின் செட்டில் இருப்பது பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை. அது நம்மில் பலர் வாயிலும் குடலிலும் சும்மா குடியிருப்பதுதான். தனித்தனி செல்லாக எச்சிலில் மிதக்கும்போது பெரிய தொந்தரவு தராது. ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பு கிடைத்தால் கதை மாறுகிறது. குளத்துப் படிக்கட்டில் கால் வைத்தால் வழுக்குகிறதே, தண்ணீர்த் தொட்டிக்குள் கை விட்டால் சுவர் வழவழவென்று இருக்கிறதே, அதே சங்கதிதான். நுண்ணுயிர்கள் கூட்டமாக ஒட்டி, தங்களைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் குடித்தனம் நடத்துகின்றன. இதைத்தான் பயோஃபிலிம், உயிரிப்படலம் என்கிறோம். பல்செட் செய்யும் அதே அக்ரிலிக் பட்டையில் கேண்டிடாவை வளர்த்து 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விலாவாரியாகப் பார்த்தார்கள். முதல் 11 மணி நேரத்தில் செல்கள் ஒட்டி அங்கங்கே திட்டாகின்றன. 12 முதல் 30 மணிக்குள் பசை படர்கிறது. 38 முதல் 72 மணிக்குள் படலம் முதிர்ந்துவிடுகிறது. அதாவது நல்ல செட் ஒன்றை மூன்று நாள் சரியாகக் கழுவாமல் போட்டிருந்தால் போதும், முதிர்ந்த படலம் தயார்.

அல்பிகன்ஸுக்கு இன்னொரு சாமர்த்தியம் உண்டு. உருண்டை ஈஸ்ட் செல்லாகவும் இருக்கும், நீண்ட இழையாகவும் வளரும். படலத்தின் அடியில் உருண்டைகள், அதன்மேல் பின்னிப் பிணைந்த இழைகள், இடையெல்லாம் பசை. கூரை வேய்ந்த மாதிரி இருக்கும். அந்தப் பசையில் குளுகான், மன்னான் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளும், புரதமும், செத்த செல்கள் விட்டுப்போன டிஎன்ஏவும் கலந்திருக்கின்றன.

மருந்து ஏன் தோற்கிறது என்பதற்கு ஒரே காரணம் இல்லை. பசையில் உள்ள பீட்டா குளுகான், வழக்கமான பூஞ்சை மருந்தான ஃப்ளூகொனசோலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, செல்லுக்குப் போய்ச் சேர விடுவதில்லை. படலம் உருவாகும் ஆரம்ப மணிகளிலேயே மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் வேகமெடுக்கின்றன. ஆழத்தில் சில செல்கள் கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டிருக்கின்றன. மருந்தெல்லாம் ஓய்ந்த பிறகு எழுந்து மறுபடி குடும்பத்தைத் தொடங்குவது அவைதான். மிதக்கும் செல்லைக் கொல்லும் அளவைப்போல ஆயிரம் மடங்கு ஃப்ளூகொனசோல் கொடுத்தாலும் படலம் அசையாது என்பதைப் பல ஆய்வகங்களில் பார்த்தாயிற்று. இது சந்தேகமில்லாத பகுதி. காஸ்போஃபங்கின் வகை மருந்துகளும் கொழுப்புக் குமிழில் அடைத்த ஆம்ஃபோடெரிசினும் படலத்தின்மேல் ஓரளவு வேலை செய்கின்றன. ஆனால் அவை ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றும் மருந்துகள். பல்செட் புண்ணுக்கு எடுத்துக்கொள்பவை அல்ல.

சரி, உலோகத் துகளுக்கு வருவோம். வெள்ளியை ஏன் அவ்வளவு பொடியாக்க வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் வெள்ளியைக் கனசதுரமாக வார்த்தால் பக்கம் அரை சென்டிமீட்டர்கூட வராது, மொத்தப் பரப்பு சுமார் 1.25 சதுர சென்டிமீட்டர். அதே ஒரு கிராமை 10 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) உருண்டைகளாக்கினால் பரப்பு 57 சதுர மீட்டர். ஒரு சின்ன ஃப்ளாட்டின் தரை அளவு. வினையெல்லாம் பரப்பில்தான் நடக்கும் என்பதால் எடை மாறாமல் வேலைக்கான பரப்பு சில லட்சம் மடங்காகிறது. கேண்டிடா செல்லின் குறுக்களவு சுமார் 5,000 நானோமீட்டர். செல்லைத் தேங்காய் அளவுக்குப் பெரிதாக்கினால் இந்தத் துகள் ஒரு ரவை அளவுக்குத்தான் இருக்கும்.

வெள்ளி கொல்லும் விதம் பெரும்பாலும் தெரிந்ததுதான். துகளின் பரப்பில் ஆக்சிஜன் பட்டு வெள்ளி அயனி, அதாவது மின்னேற்றம் கொண்ட வெள்ளி அணு, கரைந்து வெளியே வருகிறது. அந்த அயனிக்குக் கந்தகத்தின்மேல் தீராத ஆசை. புரதங்களில் கந்தகம் உள்ள இடமாகப் பார்த்துப் போய் உட்காரும், நொதிகள் முடங்கும், செல் சவ்வு ஓட்டையாகும், உள்ளே ஆக்சிஜன் சார்ந்த நச்சு மூலக்கூறுகள் பெருகும். இங்கே ஒரு பழைய சண்டை உண்டு: கொல்வது துகளா, அதிலிருந்து கரையும் அயனியா? 2012இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இதை அழகாகச் சோதித்தார்கள். ஆக்சிஜனே இல்லாத சூழலில் துகளை வைத்தால் அயனி வெளிவராது. அந்த நிலையில் வெள்ளித் துகள்கள் ஈ.கோலை பாக்டீரியாவை ஒன்றும் செய்யவில்லை. ஆக, துகள் என்பது அயனியைச் சொட்டுச் சொட்டாக விடும் கிடங்கு. அது பாக்டீரியாவில் செய்த சோதனை. பூஞ்சையில் துகளே நேரடியாகச் சவ்வில் ஒட்டிக் குழி பறிப்பதாகக் காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களும் இருக்கின்றன. என் அபிப்பிராயம் கேட்டால், முக்கால் பங்கு அயனிதான். என்னோடு ஒத்துப்போகாத நல்ல ஆய்வாளர்களும் உண்டு.

கிடங்கு என்று புரிந்துகொண்டால் அடுத்த சிக்கல் தானாகவே தெரியும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வாரம் மெனக்கெட்டு அருமையான வெள்ளிக் கரைசல் தயாரித்தேன். தெளிவான மஞ்சள், வெயிலில் பிடித்தால் தேன் மாதிரி இருக்கும். சின்ன வெள்ளித் துகள்கள் 400 நானோமீட்டர் பக்கத்து ஒளியை உறிஞ்சுவதால் வரும் நிறம் அது. பூஞ்சை செல்லுக்கு இதமாக இருக்கட்டும் என்று அதை உப்புச் சத்துள்ள பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் கரைசலில்) கலந்து நீர்க்கவைத்தேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் மஞ்சள் போய்ச் சாம்பலாகி, குழாயின் அடியில் கறுப்பு வண்டல் உட்கார்ந்திருந்தது. துகள்கள் ஒன்றையொன்று விலக்கி வைத்திருந்த மின்னேற்றத்தை உப்பு மறைத்துவிட்டது, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. 57 சதுர மீட்டரும் அதோடு போயிற்று. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "வாய்க்குள்ளே ஊத்தினாலும் இதுதான்மா நடக்கும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் படித்த பத்துக் கட்டுரைகள் ஈடாகாது.

எச்சிலில் உப்பு இருக்கிறது. குளோரைடு வெள்ளி அயனியைப் பார்த்தவுடன் பிடித்து, கரையாத வெள்ளி குளோரைடாக்கிவிடும். எச்சிலிலும் சாப்பாட்டுத் துணுக்கிலும் கந்தகம் உள்ள புரதங்கள் ஏராளம். படலத்தை எட்டுவதற்கு முன்பே அயனியில் பெரும்பங்கு அவற்றின் கைக்குப் போய்விடும். துகளின் மேலும் புரதம் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். போதாக்குறைக்குக் கொப்பளிப்பது அரை நிமிடம். ஆய்வகத்தில் நாங்கள் படலத்தை வெள்ளியில் ஊறவைத்தது 24 மணி நேரம்.

நீங்கள் படித்த சுருக்கங்களில் இருக்கும் எண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவிலிருந்து வந்த ஆய்வில், ஒரு நானோமீட்டர் அளவே உள்ள வெள்ளித் துகள் 0.089 பிபிஎம்மிலேயே கேண்டிடா படலம் உருவாவதைப் பாதியாக்கியது. போர்ச்சுகல், பிரேசில் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த சோதனைகளில் 54 பிபிஎம் வரை போனார்கள், அதிலும் முதிர்ந்த படலம் முழுதாக ஒழியவில்லை. இரண்டுக்கும் நடுவில் அறுநூறு மடங்கு. யாரும் பொய் சொல்லவில்லை. துகளின் அளவு வேறு, அதன்மேல் பூசிய பொருள் வேறு, வளர்த்த ஊடகம் வேறு. முக்கியமாக, உருவாகிக்கொண்டிருக்கும் படலத்தைத் தடுப்பதும் முதிர்ந்து உட்கார்ந்ததைக் கரைப்பதும் ஒன்றல்ல. சுருக்கத்தில் "படலத்துக்கு எதிராகச் செயல்பட்டது" என்று ஒரே வரியாக வரும். எந்தப் படலம், எத்தனை மணி நேரப் படலம் என்று உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

அளக்கும் முறையிலும் பொறி இருக்கிறது. 96 குழி பிளாஸ்டிக் தட்டில் படலம் வளர்த்து, கிரிஸ்டல் வயலெட் சாயம் போட்டு நிறத்தை அளப்பது ஒரு வழக்கம். அது உயிருள்ளதையும் செத்ததையும் ஒன்றாகச் சாயமேற்றும். எக்ஸ்டிடி என்ற இன்னொரு முறை உயிருள்ள செல்லின் மூச்சை அளக்கிறது. ஆனால் உலோகத் துகள் தானே அந்த வேதிப்பொருளோடு வினைபுரியலாம், தானே ஒளியை உறிஞ்சவும் செய்யும். பூஞ்சையே இல்லாத குழியில் வெறும் துகளைப் போட்டு அளந்து கழித்தார்களா என்பதுதான் நான் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் முதலில் தேடுவது. பாதிக்கு மேற்பட்டவற்றில் அந்த வரி இருக்காது. சுரண்டி எடுத்துத் தட்டில் வளர்த்து எத்தனை உயிர் மிச்சம் என்று எண்ணியிருந்தால் எனக்கு நம்பிக்கை கூடும்.

இதைச் சொல்லும்போது நம் ஊர்ப் பக்கத்தையும் பேசாமல் விட முடியாது. வேப்பிலை, துளசி, நொச்சி என்று ஏதாவது ஒரு இலைச்சாறில் சில்வர் நைட்ரேட்டைக் கலந்து, கரைசல் பழுப்பானதும் "பசுமை முறையில் நானோ வெள்ளி" என்று எழுதும் கட்டுரைகள் இந்தியாவிலிருந்து மலை மலையாக வந்திருக்கின்றன. வேதியியல் சரிதான். இலையில் உள்ள பாலிஃபீனால்கள் வெள்ளி அயனியை உலோகமாக்கும். செலவு குறைவு, கல்லூரி ஆய்வகத்திலேயே செய்துவிடலாம், மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் வெயில் காலத்து வேப்பிலையும் மழைக்கால வேப்பிலையும் ஒரே சாறைத் தராது, அப்படியிருக்க இரண்டு தடவை ஒரே துகள் எப்படி வரும்? வெறும் இலைச்சாறு தனியாக என்ன செய்தது, வினை முடிந்து மிச்சமிருந்த சில்வர் நைட்ரேட் என்ன செய்தது என்று பிரித்துப் பார்க்காமல் "நானோதுகள் கொன்றது" என்று முடித்தால், அதைக் கொண்டு நோயாளிக்கு எதையும் சொல்ல முடியாது. நானே அப்படி ஒரு கட்டுரையில் நான்காவது பெயராக இருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதைவிட அடிப்படையான தடை ஒன்று இருக்கிறது. பாக்டீரியாவைவிடப் பூஞ்சை நமக்கு நெருங்கிய சொந்தம். கொஞ்சம் தூரத்துப் பங்காளி என்றே சொல்லலாம். செல்லுக்குள் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா என்று பெரும்பாலான சாமான்கள் இரு வீட்டிலும் ஒன்றுதான். அதனால்தான் பாக்டீரியாவுக்கு அத்தனை மருந்துகள் இருக்க, பூஞ்சைக்கு விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கின்றன. நல்ல பூஞ்சை மருந்து என்பது பூஞ்சையிடம் உள்ள, நம்மிடம் இல்லாத ஒன்றைத் தேடிப் போய் அடிப்பது. காஸ்போஃபங்கின் செல் சுவரைக் கட்டும் வேலையை நிறுத்துகிறது, நமக்குச் செல் சுவரே கிடையாது. ஃப்ளூகொனசோல் பூஞ்சைச் சவ்வில் உள்ள எர்கோஸ்டீரால் என்ற கொழுப்பின் தயாரிப்பைத் தடுக்கிறது, நம் சவ்வில் இருப்பது கொலஸ்ட்ரால். வெள்ளி அப்படி ஆள் பார்த்து அடிப்பதில்லை. கந்தகம் இருக்கும் இடமெல்லாம் அதற்கு ஒன்றுதான், பூஞ்சையின் நொதியானாலும் சரி, அம்மாவின் ஈறு செல்லானாலும் சரி. முதிர்ந்த படலத்தைக் கொல்லத் தேவைப்படும் அளவும் நம் செல்லைக் காயப்படுத்தும் அளவும் பல சோதனைகளில் சங்கடமான அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. தாமிரம், துத்தநாக ஆக்சைடு துகள்களுக்கும் இதே தலைவலிதான். தங்கம் பொதுவாக மந்தம். தானாகக் கொல்லாது, மருந்தைச் சுமக்கவோ ஒளியைப் பாய்ச்சிச் சூடாக்கவோதான் அதை எடுக்கிறார்கள்.

அப்படியானால் இந்தத் துறைக்கு எதிர்காலமே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் பாட்டிலில் இல்லை, பரப்பில். படலம் வந்தபின் துரத்துவதைவிட, ஒட்டவே விடாமல் செய்வது எளிது. வெள்ளியைப் பொருளோடு பொருளாகக் கலந்துவிட்டால் அது அங்கேயே இருக்கும், உடம்புக்குள் ஊர்கோலம் போகாது. இங்கேயும் கதை நேர்க்கோட்டில் போகவில்லை. பல்செட் அக்ரிலிக்கிலேயே வெள்ளித் துகளைக் கலந்து 2012இல் பிரேசிலில் பார்த்தார்கள். கேண்டிடா ஒட்டுவதும் குறையவில்லை, படலம் கட்டுவதும் குறையவில்லை. துகள் பிளாஸ்டிக்குக்குள் புதைந்து கிடந்தால் அயனி எப்படி வெளியே வரும்? நிறைய கலந்தால் பிளாஸ்டிக்கின் நிறமும் வலுவும் கெடும். வேறு வகையில் கலந்தவர்களுக்குப் பலன் தெரிந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நோயாளிகளிடம் வெள்ளிப் பூச்சைப் பெரிய அளவில் சோதித்ததற்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் பாக்டீரியா பக்கம்தான் போக வேண்டும். 2012இல் பிரிட்டனில் 7,000க்கும் அதிகமான நோயாளிகளிடம் சிறுநீர்க் குழாய்களை ஒப்பிட்டார்கள். வெள்ளிக் கலவை பூசிய குழாய் போட்டவர்களில் 12.5 சதவீதத்தினருக்கும், வெள்ளி இல்லாத சாதாரணக் குழாய் போட்டவர்களில் 12.6 சதவீதத்தினருக்கும் தொற்று வந்தது. அதாவது ஒன்றுமில்லை. ஆனால் 2008இல் செயற்கைச் சுவாசக் குழாயில் வெள்ளி பூசிப் பார்த்தபோது நிமோனியா 7.5 சதவீதத்திலிருந்து 4.8 ஆகக் குறைந்தது. ஒரே உலோகம், இரண்டு குழாய், இரண்டு முடிவு. இரண்டுமே நானோதுகள் அல்ல, இரண்டுமே பூஞ்சையைக் குறிவைத்தவையும் அல்ல. இருந்தாலும், ஆய்வகத் தட்டில் ஜெயித்தது கட்டிலில் படுத்திருப்பவரிடம் ஜெயிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

இந்தப் பரப்பு வேலையில் இப்போது பலரும் தீவிரமாக இறங்கியிருப்பதற்குக் காரணம் கேண்டிடா ஆரிஸ். 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து முதலில் விவரிக்கப்பட்ட பூஞ்சை, பெயருக்கே காது என்றுதான் பொருள். பல மருந்துகளுக்கு மசியாது, ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியிலும் கருவிகளிலும் நாள்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கிடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலில் அதி முக்கியப் பிரிவில் உள்ள நான்கில் ஆரிஸும் ஒன்று, நம் அல்பிகன்ஸும் ஒன்று. அந்த மாதிரி இடத்தில் உலோகப் பூச்சு பயன்படக்கூடும் என்று எனக்கும் நம்பிக்கை உண்டு.

பூஞ்சைக்கு எதிராக நானோ என்ற சொல்லுக்குத் தகுதியாக ஏற்கெனவே மருத்துவத்தில் நிலைத்துவிட்ட ஒன்று இருக்கிறது, அதில் உலோகமே இல்லை. 2021இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது ஆம்ஃபோடெரிசின் ஊசிக்காகக் குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தது நினைவிருக்கும். அப்போது எல்லோரும் தேடிய லைப்போசோமல் வகை, மருந்தை 100 நானோமீட்டருக்கும் சின்னக் கொழுப்புக் குமிழ்களில் அடைத்ததுதான். சாதாரண ஆம்ஃபோடெரிசின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், குமிழில் அடைத்தால் அந்தச் சேதம் குறைகிறது. பூஞ்சையின் சுவரிலுள்ள துளைகளைவிடப் பெரிய அந்தக் குமிழ் எப்படி உள்ளே போகிறது என்று வெகுநாள் குழப்பமாக இருந்தது. சுவர் விறைப்பானது அல்ல, நெகிழ்ந்து வழிவிடுகிறது, குமிழ் உடையாமலே கடந்து போகிறது என்று 2018இல் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் ஒன்று அது.

இப்போது உங்கள் பாட்டிலுக்கு வருகிறேன். 10 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு, ஆயுள் முழுக்கத் தினமும் வாய்வழியாகப் போனாலும் பரவாயில்லை என்று வெள்ளிக்கு வைத்திருக்கும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.005 மில்லிகிராம். 60 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 0.3 மில்லிகிராம். அந்த பாட்டிலிலிருந்து 30 மில்லி விழுங்கினாலே அந்த வரம்பைத் தொட்டாயிற்று. காலை ஒரு மடக்கு, மாலை ஒரு மடக்கு என்றால் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் குடித்தவர்களுக்குத் தோல் சாம்பல் நீலமாக மாறியிருக்கிறது. ஆர்ஜிரியா என்று பெயர். அந்தக் காலத்து ஃபோட்டோ ஃபிலிமில் நடந்த அதே வேதியியல்தான், வெயில் படும் முகத்திலும் கையிலும் வெள்ளி படிந்து கறுக்கும். வந்த நிறம் தானாகப் போகாது. கடையில் சும்மா வாங்கும் கூழ்ம வெள்ளி (தண்ணீரில் மிதக்கும் நுண் வெள்ளித் துகள்) எந்த நோய்க்கும் பாதுகாப்பானது, பலனளிப்பது என்று ஏற்க முடியாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999இலேயே சொல்லிவிட்டது. "குழந்தைக்கு வெள்ளிச் சங்கில்தானே பால் புகட்டினோம்" என்று அம்மா கேட்டால், அது வேறு. கெட்டியான உலோகத்திலிருந்து அந்த ஒரு நிமிடத்தில் இறங்குவது கணக்கில் வராத அளவு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது இந்த விஷயத்துக்கு நன்றாகவே பொருந்தும்.

வெள்ளிக்குக் கிருமிகள் பழகாது என்றும் அந்த லேபிளில் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். தவறு. தீக்காயத்துக்குச் சில்வர் நைட்ரேட் போட்டுக்கொண்டிருந்த பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றில், வெள்ளிக்கு மசியாத சால்மொனெல்லா பரவியது 1975இலேயே பதிவாகிவிட்டது. 2018இல் செக் ஆய்வாளர்கள் காட்டியது இன்னும் வேடிக்கை. நானோ வெள்ளியோடு திரும்பத் திரும்ப வாழ்ந்த பாக்டீரியாக்கள் நீந்த உதவும் தங்கள் கசையிழையின் புரதத்தை வெளியே விட்டுத் துகள்களைக் கட்டிகட்டியாக ஒட்டவைத்துவிட்டன. என் சோதனைக் குழாயில் உப்பு செய்ததை அவை தாங்களே செய்தன.

அம்மாவுக்குத் திரும்பத் திரும்ப வருவதற்கு என் கணிப்பில் காரணம், மருந்து அண்ணத்துக்குப் போகிறது, பூஞ்சை செட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். ஏழெட்டு வருட அக்ரிலிக் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணோக்கியில் குண்டும் குழியுமாக இருக்கும். பரப்பின் கரடுமுரடு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினாலே கிருமிகள் தங்குவது கூடத் தொடங்குகிறது. அண்ணம் ஆறினாலும், செட்டை மாட்டிய அன்றே மறுபடி நாற்று நட்ட மாதிரி ஆகிவிடுகிறது. ஆகவே இரண்டுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும். இரவில் செட்டைக் கழற்றியே ஆக வேண்டும். இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்து குணமானவர்கள் உண்டு. தினமும் மென்மையான பிரஷ், சாதாரண சோப்பு போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், பற்பசை வேண்டாம், அது கீறலை அதிகமாக்கும். பிறகு டாக்டர் சொல்லும் கிருமிநாசினியில் ஊறவைக்கலாம். நீர்த்த ஹைப்போகுளோரைட் படலத்தை நன்றாகக் கரைக்கும், ஆனால் 10 நிமிடத்துக்கு மேல் கூடாது, உலோகக் கம்பி உள்ள செட்டுக்கு ஆகவே ஆகாது, நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் செட் வளைந்துவிடும், அப்புறம் பொருந்தாத செட்டே புண்ணாக்கும்.

மருந்து விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. நிஸ்டாடின் என்ற பூஞ்சை மருந்தும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்துவிடும், இடைவெளி விட வேண்டும். அம்மா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்றால், மைக்கோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஜெல்லை டாக்டரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. வாயில் தடவுகிற ஜெல்தானே என்று விட்டு ரத்தக்கசிவு வரை போனவர்கள் இருக்கிறார்கள். அதோடு ஒரு சர்க்கரைப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவராக இருந்தால், ஒவ்வொரு தடவையும் இழுத்த பிறகு வாய் கொப்பளிக்கிறாரா என்று பாருங்கள்.

பாட்டிலை என்ன செய்வது என்றால், ஒரு சின்ன வேடிக்கை பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். உண்மையிலேயே சின்ன வெள்ளித் துகள்கள் 10 பிபிஎம் இருந்தால் இளமஞ்சளாகத் தெரிய வேண்டும். குடிதண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருந்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டதும் லேசாக வெண்மூட்டம் கட்டினால், அதில் இருப்பது பெரும்பாலும் வெறும் வெள்ளி அயனி, நானோ என்பது லேபிளில் மட்டும். மூட்டமும் இல்லை, நிறமும் இல்லை என்றால் நல்ல தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறார் உங்கள் உறவினர். எதுவாக இருந்தாலும் கீழே கொட்டிவிட்டு, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, இந்தச் செட்டை உள்பக்கம் புதுப்பித்தால் போதுமா, மாற்றியே ஆக வேண்டுமா என்று கேளுங்கள். ஏழெட்டு வருடச் செட் என்றால் மாற்றச் சொல்வார் என்றே நினைக்கிறேன்.